எந்தத் தாது வருஷம்?

அம்மாவின் ஊரில் ஒரு குளம் இருக்கிறது. பழைய சேலம் ஜில்லாவின் வடக்குப் பக்கம், இன்றைய கணக்கில் தருமபுரி மாவட்டம். எப்போது வெட்டிய குளம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அது தாது வருஷத்துல வெட்டினதுப்பா." பஞ்சத்தில் கூலிக்கு ஆள் விட்டு வெட்டினார்களாம், மண் சுமந்தவர்களுக்குத் தானியம் அளந்து கொடுத்தார்களாம். ஊர்ப் பெயரில் நடக்கும் முகநூல் குழுவில் இதையே "கி.பி. 1876இல் வெட்டப்பட்டது" என்று ஒருவர் எழுதினார். அது வாட்ஸ்அப்பில் சுற்றியது, பிறகு யாரோ ஒருவருடைய யூடியூப் காணொளியிலும் வந்தது. இப்போது கூகுளில் தேடினால் எல்லா இடத்திலும் 1876தான். எல்லாமே அந்த ஒரு பதிவின் நகல்.

தமிழ் வருஷங்கள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருகிறவை. 1876இல் ஒரு தாது பிறந்தது, அந்தப் பெரும் பஞ்சம் வந்ததும் அதில்தான். அடுத்த தாது 1936இல். அதற்கும் அடுத்தது 1996இல், ஆனால் அதற்கு முன்பே நான் அந்தக் குளத்தில் குதித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன், ஆகவே அதை விட்டுவிடலாம். மிச்சம் இரண்டு. தன் மாமியார் சொன்னதாகச் சொல்லும் ஒரு பாட்டி எந்தத் தாதுவைச் சொல்கிறார்? பஞ்சம் என்று சேர்த்துச் சொல்வதால் 1876 என்று நினைக்கத் தோன்றுகிறது. தாது என்றாலே பஞ்சம் என்று பேசிப் பழகிய வாய், 1936இல் நடந்த வேலைக்கும் அந்தப் பஞ்சத்தை ஒட்டவைத்துவிடலாம் அல்லவா?

இந்தச் சின்னச் சந்தேகம்தான் என்னை நூலகங்களுக்குள் இழுத்துவிட்டது. நான் ஆய்வு மாணவன் இல்லை. முனைவர் பட்டத்துக்கோ பதவி உயர்வுக்கோ எதுவும் எழுதவில்லை. ஊரைப் பற்றி நாலு பக்கம் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். அந்த நாலு பக்கத்துக்காக அலைந்ததில் நூலகத்தின் மீது எனக்கு இருந்த பொதுவான மரியாதை போய், அது எதற்காக வேண்டும் என்று குறிப்பாகச் சொல்ல முடிகிற ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. இணையத்தில் ஒரு தகவல் கிடைக்கும்போது பெரும்பாலும் அதன் பூர்வீகம் கழன்று போயிருக்கிறது. யார் முதலில் சொன்னது, எந்த ஆண்டில், எந்த வேலைக்காக, யாரிடம் கேட்டு என்பதெல்லாம் போய்விட்ட ஒரு வரி மட்டும் கையில் நிற்கிறது. நூலகத்தில் அந்தப் பூர்வீகத்தோடு சேர்த்துத்தான் தகவலைக் கையில் வாங்குகிறோம்.

முதல் பாடம் ஒரு நூலகரிடமிருந்து வந்தது. சென்னையில் ஒரு பெரிய நூலகத்தின் ரெஃபரன்ஸ் பகுதியில் போய், தருமபுரி மாவட்ட வரலாறு வேண்டும் என்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "எந்தக் காலத்துக்கு சார் வேணும்?" என்றார். 1876 என்றேன். "அப்ப தருமபுரின்னு மாவட்டமே கிடையாதே. சேலம் கெசட்டியர் பாருங்க. அதுக்கு முன்னால மேனுவல்னு ஒண்ணு இருக்கும், அதையும் சேர்த்து எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார். இரண்டும் ஆங்கில ஆட்சியில் மாவட்டம் வாரியாகத் தொகுத்த விவர நூல்கள். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். நாமக்கல் 1997, கிருஷ்ணகிரி 2004. இன்றைய நான்கு மாவட்டங்களும் அன்றைக்கு ஒரே சேலம். 'தருமபுரி' என்று தேடுகிற தேடுபொறிக்கு இது தெரியாது, நாம் தட்டிய எழுத்துகளைத்தான் அது தேடும். நாம் கேட்டிருக்க வேண்டியது என்ன என்று அந்த அம்மா தேடினார்.

இதை வெறும் அன்பான மனிதர் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசகனுக்கு அவன் தேடும் நூலைக் கண்டுபிடிக்க உதவுவது நூலகரின் வேலை, வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்துவதும் நூலகரின் வேலை என்று விதி எழுதிவைத்தவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர். 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலக அறிவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். நம்மில் பலர் நூலகரை புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறவராக மட்டும் நினைத்து, அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

சரி, மேசைக்கு வந்த புத்தகங்கள். எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் கெசட்டியர், 1918. எச். லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்ட மேனுவல், இரண்டு தொகுதி, 1883. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பஞ்சம் 1876 முதல் 1878 வரை. மேனுவல் அச்சானபோது பஞ்சம் முடிந்து ஐந்து ஆண்டுதான் ஆகியிருக்கிறது. அதைப் படித்த சேலத்து அதிகாரிகளும் வக்கீல்களும் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர்கள். கெசட்டியர் எழுதப்பட்டபோது அது ஒரு தலைமுறைக்கு முந்திய செய்தி, மேனுவலிலும் கோப்புகளிலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. இணையத்தில் இரண்டிலிருந்தும் எடுத்த வரிகள் கலந்து, 'ஆங்கிலேயர் ஆவணங்களின்படி' என்ற ஒரே தலைப்பின் கீழ் உலாவுகின்றன. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி அங்கே காணாமல் போய்விடுகிறது.

மக்கள்தொகைக் கணக்கும் இப்படித்தான். 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் 19,66,995 பேர். 1881இல் 15,99,595 பேர். பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பெருகியிருக்க வேண்டிய எண்ணிக்கை இப்படிச் சரிந்திருக்கிறது. இந்த இரண்டு எண்களும் இணையத்திலேயே கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 1871 கணக்கெடுப்பு அறிக்கையைப் புத்தகமாக எடுத்துப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே தயாரித்தவர் பெயர் இருக்கும்: டபிள்யூ.ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர், மருத்துவர். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பஞ்சத்தைப் பற்றிய நூல்களுக்குப் போனால் அதே கார்னிஷ் அங்கே வேறு வேடத்தில் வருகிறார். பஞ்ச நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று, பஞ்சத்தைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு கூலித் திட்டம் கொண்டுவந்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. வெயிலில் மண் வெட்டுகிற ஆளுக்கு இது உயிரை வைத்திருக்கப் போதாது என்று அரசாங்கத்துக்குள்ளிருந்தே எதிர்த்து வாதாடியவர் கார்னிஷ்.

பஞ்சத்துக்கு முன்னால் தலைகளை எண்ணியவரும், பஞ்சத்தின்போது அந்தத் தலைகளுக்காகச் சண்டை போட்டவரும் ஒரே ஆள். இது தெரிந்த பிறகு அந்த 19,66,995 என்ற எண்ணை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. அந்த எண்ணை மட்டும் தேடியிருந்தால் எனக்கு எண் கிடைத்திருக்கும், கார்னிஷ் கிடைத்திருக்க மாட்டார். வில்லியம் டிக்பி என்ற பத்திரிகை ஆசிரியர் 1878இலேயே இந்தப் பஞ்ச நிர்வாகத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதி வெளியிட்டிருக்கிறார் என்பதும் அலமாரியில் மற்றப் பஞ்ச நூல்களுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் என் கண்ணில் பட்டது. ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் ஒன்றாக நிற்கும்படி அடுக்குவது வகைப்பாட்டின் வேலை. நாம் தேடாத புத்தகம் நம் கண்ணில் விழுவதற்கு யாரோ முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். சில நூலகங்களில் அலமாரிப் பக்கம் வாசகரை விடுவதே இல்லை, சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பழைய புத்தகங்களின் பாதுகாப்புக்கு அது தேவை என்பது புரிகிறது. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் ஒரு இழப்பு உணர்வு வரத்தான் செய்கிறது.

குளத்துக்கு வருகிறேன். இந்தப் புத்தகங்கள் எதிலும் எங்கள் ஊர்க் குளம் இல்லை. அத்தனை சின்னக் குளம். அதற்கு எழும்பூர் போக வேண்டியிருந்தது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. நிலத்தை அளந்து வரி விதித்த விவரமுள்ள, கிராம வாரியான செட்டில்மெண்ட் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. நான் போனபோது அங்கே வந்திருந்தவர்களில் ஆய்வாளர்களைவிட நில வழக்குக்காரர்கள்தான் அதிகம். தாத்தா பெயரில் பட்டா இருந்ததற்கு நகல் வாங்க வந்தவர்கள். என் கையில் சர்வே எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த ஒருவர், "எவ்வளவு ஏக்கருங்க தகராறு?" என்று அக்கறையாகக் கேட்டார். குளத்தின் வயசு தெரிய வந்திருக்கிறேன் என்றதும் அவருக்கு என் மேல் இருந்த ஆர்வம் உடனே வடிந்துவிட்டது.

1936க்கு வெகு காலம் முன்பே அச்சான பதிவேட்டில் அந்தக் குளம் புறம்போக்காகப் பதிவாகியிருந்தது. சர்வே எண், பரப்பு, அதன் கீழே பாயும் நன்செய் எல்லாம் இருந்தன. ஆக 1936இல் புதிதாக வெட்டியது என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. அப்போது 1876தான் என்று துள்ளிக் குதிக்கலாமா? அங்கேதான் மேனுவலும் பஞ்ச நூல்களும் மறுபடி கை கொடுத்தன. பஞ்ச நிவாரண வேலை என்று அவற்றில் வருவதில் புதுக் குளத்தைவிடச் சாலை போடுவதும், இருக்கிற ஏரி குளங்களைத் தூர் வாரிக் கரை உயர்த்துவதும் அதிகம். ஆகவே என் நாலு பக்கத்தில் நான் எழுதியது இதுதான்: குளம் பஞ்சத்துக்கும் முந்தியதாக இருக்கலாம், பஞ்சத்தின்போது ஊர்க்காரர்கள் அதில் கூலிக்கு மண் எடுத்திருக்கிறார்கள் என்று ஊர் நினைவு சொல்கிறது, 1936க்கு முன்பே அது இருந்ததற்குப் பதிவேடு சாட்சி. "கி.பி. 1876இல் வெட்டப்பட்டது" என்ற ஒரு வரியைவிட இது நீளம்தான். முகநூல் குழுவில் போட்டபோது லைக் கம்மியாகத்தான் விழுந்தது.

வாய்மொழிச் செய்தியை நான் தள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் மண் சுமந்தவர்களின் பெயர் இல்லை. பாட்டிகள் சொல்கிற கதைதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே பதிவு. தாது வருஷப் பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் உண்டு, அவற்றில் அச்சேறியவற்றை நூலகத்தில் தேடிப் படிக்கலாம். அதிகாரிகளின் அறிக்கையில் வராத பசி அதில் வரும். பழைய தமிழ் ஆண்டு, மாதம், திதியை ஆங்கிலத் தேதியாக மாற்ற வேண்டுமென்றால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை போட்டுவைத்த பெரிய பஞ்சாங்க அட்டவணைகள் இருக்கின்றன. 1922இல் வந்த அந்தத் தொகுதிகளைக் கல்வெட்டுக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எல்லாத் தாதுவும் ஒரே தாது என்று நினைத்துவிடாமல் இருக்கவாவது அதைப் போன்ற ஒரு கருவி வேண்டும்.

கோயில்களின் வயசு விஷயத்தில் இந்தக் கருவிகள் இன்னும் கைகொடுக்கின்றன. எந்த ஊர்க் கோயில் வாசலிலும் இப்போது 'ஆயிரம் ஆண்டு பழமையான' என்று ஒரு பலகை இருக்கிறது. சில கோயில்களுக்கு அது உண்மை. சிலவற்றுக்கு ஐந்நூறுகூடத் தேறாது. வேறு சிலவற்றுக்கு ஆயிரத்துக்கு மேலேயே போகும், பலகை எழுதியவர்தான் குறைத்துவிட்டார். 1880களிலிருந்து கல்வெட்டுத் துறை ஆண்டறிக்கை போட்டுவருகிறது. எந்த ஊர், கோயிலின் எந்தச் சுவர், எந்த அரசன், அவனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன கொடை என்று ஒவ்வொரு கல்வெட்டுக்கும் சுருக்கமான குறிப்பு. இத்தனை ஆண்டறிக்கைகளில் நம் ஊரை எங்கே போய்த் தேடுவது? அதற்கு வி. ரங்காச்சாரி 1919இல் ஒரு வழி செய்து வைத்தார். சென்னை மாகாணத்துக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம் என்று ஊர்வாரியாக அடுக்கி மூன்று தொகுதிகள். அந்தக் காலத்து வட்டப் பெயர் தெரிந்தால் போதும், சில நிமிஷத்தில் நம் ஊருக்கு வந்துவிடலாம். அதற்குப் பின் கண்டெடுத்த கல்வெட்டுகள் அதில் இருக்காது, அவற்றுக்குப் பிந்திய அறிக்கைகளைப் பார்க்க வேண்டும். இப்படி ஒரு தொகுதியைத் தட்டச்சு செய்து தேட முடியாத காலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறார் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி அதிர்ஷ்டம் இல்லை. சில ஊர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையே வரும். கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, சொந்த ஊருக்குப் போய் நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று விசாரித்து வரச் சொன்னார். அது 1918இல் புத்தகமானது. 1930களில் வேறு இருவர் அதே ஊர்களுக்குப் போய் மறுபடி கணக்கெடுத்தார்கள். அப்புறமும் விடவில்லை. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு அந்த ஊர்களில் ஒன்று. 1916இல் தொடங்கி 2008 வரை, தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய் எழுதியிருக்கிறார்கள். பெரும் பண்ணைக்காரர் ஒருவரிடம் குவிந்திருந்த நிலம் என்ன ஆனது, கூலி வேலை செய்தவர்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்பதையெல்லாம் தொண்ணூறு ஆண்டுக் கணக்காக ஒரு ஊரில் பார்க்க முடிகிறது.

ஆனால் ஸ்லேட்டரின் நூலில் 'இருவேல்பட்டு' என்று தேடினால் கிடைக்காது. அங்கே அந்த ஊர் ஆங்கிலத்தில் எருவெள்ளிப்பேட் என்கிற மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த ஆய்வுகளின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால்தான் இரண்டும் ஒன்று என்று தெரியும். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது நூலகத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுலபம், அடுத்த நூல் அடுத்த மாடியில் இருக்கும்.

ஸ்லேட்டர் வராத ஊர்க்காரர்கள் 1961 கணக்கெடுப்புத் தொகுதிகளைப் பாருங்கள். பி.கே. நம்பியார் சென்னை மாநிலக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தபோது, தலையை எண்ணுவதோடு நிற்காமல் தேர்ந்தெடுத்த கிராமங்களுக்குத் தனித்தனிப் புத்தகம், திருவிழாக்கள் சந்தைகளுக்கு ஒரு தொகுதி, மாவட்ட வாரியாகக் கோயில்களுக்குத் தொகுதிகள், கைத்தொழில்களுக்குத் தனியாக என்று போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். கிராமப் புத்தகங்களில் வீட்டின் அமைப்பு, சாப்பாடு, நகை, கல்யாணச் செலவு வரைக்கும் வரும். கோடு போட்ட வீட்டுப் படங்கள்கூட உண்டு. கணக்கெடுப்புத் துறை இப்படியெல்லாம் செய்திருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. என் உறவினர் ஒருவர் தன் ஊரின் பழைய சந்தையைப் பற்றி எழுதப் பலரை விசாரித்து அலுத்துப்போயிருந்தார். இந்தத் தொகுதியைக் காட்டினேன், அதற்கப்புறம் அவர் விருந்துக்கு அழைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு வடை கூடுதல்.

புத்தகங்களைப் பற்றிய புத்தகம் என்று ஒரு வகை இருக்கிறது. எனக்கு அதுதான் இப்போது பைத்தியம். 1867இல் வந்த அச்சகப் பதிவுச் சட்டத்தின்படி, அச்சான ஒவ்வொரு நூலும் அரசிடம் பதிவாக வேண்டியிருந்தது. மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதன் பட்டியலை வெளியிட்டது. நூலின் பெயர், ஆசிரியர், அச்சிட்டவர், இடம், பக்கம், எத்தனையாவது பதிப்பு, எத்தனை படி, என்ன விலை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகம் எத்தனை படி அச்சானது, காலணாவுக்கு விற்றதா அரையணாவுக்கா என்பது வரைக்கும் பார்க்கலாம். பெரிய புலவர்களின் செய்யுள் நூல் முந்நூறோ ஐந்நூறோ படிக்கு நிற்க, தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில் போயிருப்பதைப் பார்த்தால் தமிழ் இலக்கிய வரலாறு என்று நாம் படித்ததைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு யோசிக்கத் தோன்றும். அந்தப் பாட்டுப் புத்தகங்கள் பலவும் இன்று கையில் கிடைப்பதில்லை. அவை அச்சானதற்குப் பட்டியலின் ஒரு வரி மட்டும் சாட்சி.

செய்தித்தாள்களிலும் இதே கதை உண்டு. சுதேசமித்திரன் 1882இல்தான் தொடங்கியது, பஞ்சத்துக்கு அது உதவாது. அதற்கு முன்னும் அந்தச் சமயத்திலும் வந்த சின்னச் சின்னத் தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் அழிந்துவிட்டன. ஆனால் உள்நாட்டுப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க, ஆங்கில அரசு ஆள் வைத்து அவற்றைப் படித்துச் சுருக்கி மொழிபெயர்த்து ரகசிய அறிக்கையாக வைத்துக்கொண்டது. இன்றைக்கு அந்தப் பத்திரிகைகளில் சிலவற்றின் குரல் கண்காணித்தவன் கோப்பில்தான் மிஞ்சியிருக்கிறது. படிக்கும்போது யார் சுருக்கினார், எதை விட்டார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். இதைப் பதிவின் முகப்பே நினைவுபடுத்திக்கொண்டிருக்கும். இதே வரி இணையத்தில் மேற்கோளாக மட்டும் வந்தால் நமக்கு அந்த எச்சரிக்கை தோன்றாது.

அரசு பாதுகாத்தது ஒரு பக்கம் என்றால், தனி மனிதர்கள் பாதுகாத்தது இன்னொரு பக்கம். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். எங்கே பழைய தமிழ் அச்சுத்தாளைப் பார்த்தாலும் வாங்கிச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் எதையும் விடவில்லை. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைத்தார்கள், இன்று தரமணியில் இருக்கிறது. நாடக நோட்டீஸை நூலகம் என்று யார் நினைத்தார்கள்? ஒரு நடிகை எந்த ஊரில் எந்தத் தேதியில் மேடையேறினார், டிக்கெட் எத்தனை அணா என்று அறிய அதைவிட்டால் வேறு வழி இல்லை.

எல்லாம்தான் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்களே என்று என் அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை நான் கிட்டத்தட்ட தினமும் திறக்கிறேன். ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றும் 'நூலகம்' என்ற திட்டம் 2005இலிருந்து செய்துவரும் வேலைக்கு ஈடே இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பதன் ஆபத்தை அந்த மக்களைவிட யாரும் அறிந்திருக்க முடியாது. இவையும் நூலகங்கள்தான் என்று அவனிடம் சொன்னேன். அங்கேயும் தலைப்புப் பக்கம் இருக்கிறது, பதிப்பு ஆண்டு இருக்கிறது, யார் பட்டியலிட்டது என்பதுகூட இருக்கிறது.

ஆனால் அவற்றையும் நூலகத்தைப் போலத்தான் பயன்படுத்த வேண்டும், தேடுபொறியைப் போல அல்ல. காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் பக்கத்தை இயந்திரம் சரியாகப் படிப்பதில்லை. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் சொற்கள் சந்தியோடு ஒட்டிக்கொண்டு இடைவெளியே இல்லாமல் ஓடும். மங்கிய மை, பூச்சி அரித்த ஓரம் வேறு. இயந்திரம் அதைத் தாறுமாறாக வாசித்து வைத்திருக்கும், நாம் தேடும் சொல் 'இல்லை' என்று சொல்லும். பக்கத்தைக் கண்ணால் புரட்டினால் நடுவில் கறுப்பு மையில் அது இருக்கும். எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது என்று தெரிந்திருந்தால்தான் இது நடக்கும், அதற்குப் பட்டியல்களும் வகைப்பாடும் நூலகரும் வேண்டும்.

நூலகத்தில் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நூலகத்தில் அட்டவணையில் இருந்த தொகுதியைக் கேட்டேன், "பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றார்கள். அடுத்த முறை கேட்டபோதும் அதே பதில். இன்னொரு இடத்தில் எனக்கு வேண்டிய படம் இருந்த பக்கத்தை யாரோ பிளேடால் நறுக்கி எடுத்திருந்தார்கள். மற்றதையெல்லாம் எப்படியோ பொறுக்க முடிகிறது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு அலுவலகத்தில் பல்கலைக்கழகக் கடிதம் இல்லாத ஆள் எதற்கு ஆய்வு செய்கிறான் என்று விளக்க வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவர்கள் நிறையப் பேர் போய்க் கேட்டால் அந்தக் கேள்வி குறையும் என்று நினைக்கிறேன். சட்டப்படிப் பார்த்தால் நாம் ஒன்றும் விருந்தாளிகள் இல்லை. 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ரசீதில் எழுதியே இருக்கும்.

போகிறவர்களுக்கு என் பங்குக்குச் சில நடைமுறை விஷயம். ஊரின் பழைய ஜில்லா, பழைய வட்டம் இரண்டையும் முதலில் கண்டுபிடியுங்கள். நாமக்கல் வட்டம் கொஞ்ச காலம் திருச்சி ஜில்லாவில்கூட இருந்திருக்கிறது, ஆகவே இன்றைய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பழைய ஆவணங்களின் அருகே பேனாவை விடமாட்டார்கள். பக்க எண்ணைக் குறிக்காமல் எதையும் நகலெடுக்காதீர்கள். முக்கியமாக, நூலகரிடம் புத்தகத்தின் பெயரைக் கேட்பதைவிட உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எங்கள் ஊரைப் பற்றி நான் தேடியதில் மிகவும் பயன்பட்ட அச்சுத்தாள்களில் ஒன்று கெசட்டியர் பக்கத்தில்கூட வைக்க முடியாத மெல்லிய ஒன்று, பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழா மலர். பழைய தலைமையாசிரியர்கள் பெயர், கட்டடத்துக்கு இடம் கொடுத்தவர்கள், முதல் முறை பெண் பிள்ளைகளைச் சேர்த்த ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. எந்த நூலகத்திலும் அது இல்லை, ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணில் கிடைத்தது. கும்பாபிஷேக மலர், கூட்டுறவுச் சங்கத்தின் பொன்விழா மலர், குலதெய்வக் கோயில் பங்காளிகள் போட்ட சிறு புத்தகம் எல்லாம் இந்த வகை. முந்நூறு படி அச்சடித்து விழாவில் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியாகும் நூலின் பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு முப்பது நாளுக்குள் அனுப்ப வேண்டியது பதிப்பாளரின் பொறுப்பு. நாட்டிலேயே அப்படிப் பிரதி பெறுகிற நான்கு நூலகங்களில் ஒன்று நம் கன்னிமாரா. 1896இலிருந்து எழும்பூரில் இருக்கிறது. ஊர் மலர் போடுகிறவர்கள் அங்கே ஒன்று, மாவட்ட மைய நூலகத்துக்கு ஒன்று என்று அனுப்பிவிடுங்கள், தபால் செலவு பெரிதாக ஆகாது. அட்டையிலோ உள்ளேயோ ஆண்டையும் மாதத்தையும் எண்ணில் போடுங்கள். தமிழ் வருஷப் பெயர் மட்டும் போட்டால், அறுபது வருஷம் கழித்து யாராவது எழும்பூர் வரை அலைய வேண்டியிருக்கும்.